ஹீட்டருக்குள் இரண்டே கால் கிலோ

போன மாதம் ஒரு வீட்டில் ஹீட்டரைச் சுவரிலிருந்து இறக்கும்போது, கூட வந்த பையன், "அண்ணா, தண்ணிய முழுசா வடிச்சிட்டோமுல்ல?" என்று கேட்டான். வடித்துத்தான் இருந்தோம். ஆனாலும் அந்த 25 லிட்டர் ஹீட்டர் அவன் கையைக் கீழே இழுத்தது. தரையில் வைத்து அடித்தட்டைக் கழற்றியதும் பொலபொலவென்று கொட்டியது. முட்டை ஓடு மாதிரி வெள்ளைச் சில்லுகள், நடுநடுவே செங்காவி நிறத்தில் கட்டிகள். தண்ணீரைச் சூடாக்கும் காயிலைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. சுண்டுவிரல் மொத்தம் இருக்க வேண்டியது மணிக்கட்டு மொத்தத்துக்கு வீங்கி, ஓரிடத்தில் வெடித்துக் கிடந்தது.

உதிர்ந்த கல்லையெல்லாம் சாக்கில் அள்ளிவந்து கடைக்குப் பக்கத்து மளிகைத் தராசில் வைத்தேன். இரண்டே கால் கிலோ.

"நாலு வருசந்தானுங் தம்பி ஆச்சு. நல்ல கம்பெனின்னு நம்பி வாங்குனேன். இப்படி ஏமாத்திப்போட்டானுங்களே!" என்றார் அந்த வீட்டு அம்மா. முப்பத்தொரு வருடமாக இதே பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கம்பெனி பெயரும் வருடக் கணக்கும்தான் மாறும். நான் எந்தக் கம்பெனிக்கும் வக்கீல் இல்லை. மட்டமான சரக்கையும் நிறையக் கழற்றியிருக்கிறேன். ஆனால் என் கடைக்குப் பிணமாக வரும் ஹீட்டர்களில் பாதிக்கு மேல் தண்ணீர் கொன்றவை.

கோயம்புத்தூரில் ஹீட்டர், வாஷிங் மெஷின் பழுது பார்ப்பது என் பிழைப்பு. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்தேன். அங்கே கரண்டைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தார்கள், தண்ணீரைப் பற்றி ஒரு வரி கிடையாது. அதைக் கொஞ்சம் காயில் சுரண்டியே கற்றேன். மீதியைச் சொல்லிக்கொடுத்தவர் என் வாடிக்கையாளர் ஒருவர், ஓய்வுபெற்ற கெமிஸ்ட்ரி வாத்தியார். அவர் வீட்டு ஹீட்டரில் மூன்றாவது முறை காயில் மாற்றப் போனபோது, "நீ மாத்திட்டே இரு, நான் காசு குடுத்துட்டே இருக்கேன். ஏன் போகுதுன்னு ஒருநாளாவது யோசிச்சியா?" என்று கேட்டார். கோபம் வந்தது. ஆனால் அன்று உட்கார்ந்து கேட்டதுதான் இன்றைக்கு நான் வாடிக்கையாளர்களுக்குச் சொல்வதில் பெரும்பகுதி.

எங்கள் ஊரில் "தண்ணி வருதா?" என்று யாரைக் கேட்டாலும் "எந்தத் தண்ணி?" என்று திருப்பிக் கேட்பார்கள். நல்ல தண்ணி, உப்புத் தண்ணி என்று இரண்டு உண்டு. நல்ல தண்ணி என்றால் சிறுவாணி. சில பகுதிகளுக்குப் பில்லூர், தெற்கே சில இடங்களுக்கு ஆழியாறு. உப்புத் தண்ணி என்றால் போர், அதாவது ஆழ்துளைக் கிணறு. வீட்டு வாசலில் தரைக்குக் கீழே இரண்டு தொட்டி, மாடியில் இரண்டு டேங்க், சமையலறையில் இரண்டு குழாய் என்று கட்டுவது இங்கே சாதாரணம். வெளியூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வருகிறவர்கள், எந்தக் குழாயில் எது வரும் என்று தெரியாமல் முதல் வாரம் திணறுவார்கள்.

சிறுவாணி உலகத்திலேயே ருசியான இரண்டாவது தண்ணீர் என்று நாங்கள் பெருமையடித்துக்கொள்வோம். முதலாவது எது, யார் குடித்துப் பார்த்துச் சொன்னார்கள் என்று எவரும் கேட்டதில்லை. ருசியை விடுங்கள், அது மென்மையான தண்ணீர் என்பதற்குக் காரணம் இருக்கிறது. அணை கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தில், மலைக்காட்டுக்குள் இருக்கிறது. பெய்த மழை காட்டுச் சரிவில், கெட்டியான பாறைமேல் வேகமாக இறங்கி அணையில் சேர்கிறது. பிறகு மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக நம் பக்கம் வருகிறது. வழியில் கல்லோடு உட்கார்ந்து பேச அதற்கு நேரமில்லை.

போர் தண்ணீரின் கதை வேறு. அதுவும் மழையாக விழுந்ததுதான். மண்ணுக்குள் இறங்கும்போது, வேர்களும் நுண்ணுயிர்களும் வெளியே விடும் கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொள்கிறது. நாம் கடையில் வாங்குகிற சோடாவும் அதே வாயு கரைந்த தண்ணீர்தான். இது ரொம்ப ரொம்ப லேசான சோடா என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த லேசான புளிப்புக்குச் சுண்ணாம்புக் கல் கரையும். எங்கள் ஊருக்குத் தெற்கே மதுக்கரையில் சிமென்ட் ஆலை வந்ததே அங்கே சுண்ணாம்புக் கல் கிடப்பதால்தான். கிணறு வெட்டுகிறவர்களைக் கேட்டால் சுக்கான் கல் (அதுவும் சுண்ணாம்புதான்) எங்கெங்கே தட்டுப்படும் என்று விரல்விட்டுச் சொல்வார்கள். இப்படிப்பட்ட மண்ணிலும் பாறை இடுக்கிலும் வருடக்கணக்கில் ஊறிய தண்ணீரைத்தான் 800 அடி, 1000 அடி குழாய் இறக்கி உறிஞ்சுகிறோம். அதில் கால்சியமும் மெக்னீசியமும் நிறையக் கரைந்திருக்கும். கடினநீர் என்று பாடப்புத்தகத்தில் படித்தது இதுதான். நாம் உப்புத் தண்ணி என்கிறோம், ஆனால் நாக்கில் படும் உப்பும் இந்தக் கடினமும் ஒன்றல்ல. இது பின்னால் ஒரு இடத்தில் முக்கியமாக வரப்போகிறது.

வாத்தியார் ஒருநாள் கேட்டார்: "சர்க்கரை பச்சைத் தண்ணியில நல்லாக் கரையுமா, சுடுதண்ணியிலயா?" சுடுதண்ணியில் என்றேன். "சுண்ணாம்பு தலைகீழ்டா. சூடு ஏற ஏற வெளிய வந்து உட்காரும்." கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட்டைச் சூடாக்கினால், அது பிடித்து வைத்திருந்த கார்பன் டை ஆக்சைடு பறந்துவிடுகிறது. மிஞ்சுவது கால்சியம் கார்பனேட், அதாவது பழையபடி சுண்ணாம்புக் கல். பூமிக்கடியில் கரைந்தது நம் குளியலறையில் மறுபடி கல்லாகிறது. எங்கே உட்காரும்? எது அதிகச் சூடோ அங்கே. ஹீட்டருக்குள் அதிகச் சூடான இடம் காயில்.

அந்த அம்மா வீட்டுத் தண்ணீரைச் சோதித்துப் பார்த்தோம். கடினத்தன்மை லிட்டருக்கு ஏறத்தாழ 600 மில்லிகிராம். 60-க்குள் இருந்தால் மென்மையான தண்ணீர், 180-ஐத் தாண்டினால் மிகக் கடினம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. குடிநீருக்கான இந்தியத் தர அளவு 200. வேறு தண்ணீருக்கு வழியே இல்லாவிட்டால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது அதே தரம். ஆக, அந்த வீட்டுத் தண்ணீர் பொறுமையின் எல்லையில் நிற்கிறது. நான்கு பேர் குடும்பம், ஹீட்டர் வழியே நாளைக்கு 50 லிட்டர் போகிறது என்று வையுங்கள். நான்கு வருடத்தில் 73,000 லிட்டர். அதில் கரைந்து போனது கிட்டத்தட்ட 44 கிலோ. ஒரு சிமென்ட் மூட்டைக்கு ஆறு கிலோதான் குறைவு! அதில் நூற்றுக்கு ஐந்து பங்குதான் ஹீட்டருக்குள் தங்கியிருக்கிறது. மீதியை அவர்கள் தலையில் ஊற்றிக்கொண்டுவிட்டார்கள். இரண்டே கால் கிலோ என்பது அப்படிப் பார்த்தால் ஹீட்டரின் நல்ல காலம்.

கல் பிடித்தால் கரண்ட் பில் எகிறும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். வாத்தியார்தான் மறித்தார். காயில் தண்ணீருக்குள்ளே முங்கிக் கிடக்கிறது. அதில் பிறக்கும் சூடு கல்லைத் தாண்டியாவது தண்ணீருக்குத்தான் போயாக வேண்டும், வேறு போக்கிடம் இல்லை. 2000 வாட் ஹீட்டர் 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60-க்குக் கொண்டுவர ஏறத்தாழ 18 நிமிடம் ஆகும். கல் பிடித்த பிறகும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. அடியில் தீ எரியும் பாய்லர் என்றால் கதை வேறு. அங்கே உள்ளே இறங்காத சூடு புகையோடு போய்விடும், எரிபொருள் நட்டம் நிஜம். நம் வீட்டு மின் ஹீட்டரில் அடிவாங்குவது காயில். போர்வை போர்த்திக்கொண்டு வெயிலில் நிற்பவன் மாதிரி, சூடு வெளியே போக முடியாமல் அது தனக்குள்ளேயே வெந்து, ஒருநாள் வெடிக்கிறது. டேங்க்கில் கால்வாசியைக் கல் அடைத்துக்கொண்டால் இரண்டு பக்கெட் வந்த இடத்தில் ஒன்றரைதான் வரும். "தண்ணி சீக்கிரமே பச்சையாயிடுதுங்" என்று புகார் வந்தால், பையில் காயிலும் ஒரு வாஷரும் எடுத்துக்கொண்டுதான் கிளம்புவேன்.

காயிலுக்குப் பக்கத்தில் ஒரு மெக்னீசியம் தண்டு இருக்கும். ஆனோட் ராடு என்போம். டேங்க்கின் இரும்பு துருப்பிடிக்காமல் இருக்கத் தன்னைத் தானே தின்னக் கொடுப்பது அதன் வேலை. உப்பு அதிகமான தண்ணீரில் அது சீக்கிரம் தேய்ந்து, கடைசியில் வெறும் கம்பியாக நிற்கும். அதற்குப் பிறகு தண்ணீர் டேங்க்கைத் தின்ன ஆரம்பிக்கும். காயில் மாற்ற வருகிற மெக்கானிக்கிடம் "அந்த ராடைக் கொஞ்சம் பாருங்க" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். எங்கள் ஆட்களிலேயே பலர் சொன்னால்தான் பார்ப்பார்கள்.

இன்னொன்று பயமுறுத்துவதற்காகவே சொல்கிறேன். ஹீட்டரோடு ஒரு ஸேஃப்டி வால்வ் இருக்கும். தெர்மோஸ்டாட் பழுதாகி உள்ளே அழுத்தம் ஏறினால் அது திறந்து தண்ணீரை வெளியே விட வேண்டும். அதன் வாயையும் கல் அடைக்கும். அடைத்த வால்வோடு இருக்கும் ஹீட்டர், வெயிட் இறுகிப்போன குக்கர் மாதிரி. நெம்புகோல் உள்ள வால்வாக இருந்தால் மாதம் ஒருமுறை ஸ்விட்சை அணைத்துவிட்டுத் தூக்கிப் பாருங்கள், தண்ணீர் சொட்ட வேண்டும். சொட்டவில்லை என்றால் அன்றைக்கே ஆளைக் கூப்பிடுங்கள்.

மொட்டை மாடி சோலார் ஹீட்டரும் இதே பாடுதான் படுகிறது. செப்புக் குழாய் வைத்த பழைய தட்டையான வகையில் குழாய் அடைத்தால் திறக்கவே வழியில்லை. கண்ணாடிக் குழாய் வகையில் குழாயின் அடிப்பகுதி கல்லால் நிறையும். ஆனால் கழற்றிக் கழுவலாம் என்பது ஆறுதல். வாங்கும்போதே போர் தண்ணீர் என்று சொல்லிக் கேட்டால், சூடாகும் நீர் தனியாகவும் குளிக்கும் நீர் தனியாகவும் ஓடும் வகை இருக்கிறது. விலை கூட. சொல்லாவிட்டால் விற்கிறவர் தானாக எடுத்துச் சொல்வது அபூர்வம்.

வாஷிங் மெஷின் விஷயத்தில் நம் ஊர்ப் பழக்கமே பாதி காப்பாற்றுகிறது. நாம் பெரும்பாலும் பச்சைத் தண்ணீரில்தான் துவைக்கிறோம். சூடு இல்லாவிட்டால் கல் படிவது குறைவு. மேலே மூடி திறக்கும் மெஷினில் எனக்கு வரும் வழக்கமான புகார் "தண்ணி ஏற மாட்டேங்குது." பின்பக்கம் பைப் சேரும் இடத்தில், விரல்நுனி அளவுக்கு ஒரு சல்லடை இருக்கும். குழாயிலிருந்து உதிர்ந்து வந்த சில்லும் மணலும் அதில் அடைத்திருக்கும். பழைய பல்துலக்கும் பிரஷ் போதும். ஐந்து நிமிட வேலை. அதற்கு நான் விசிட்டிங் சார்ஜ் வாங்குவது எனக்கே கூச்சமாக இருக்கும். வாங்காமல் வந்ததில்லை, அது வேறு.

முன்பக்கம் கதவு வைத்த மெஷினில் உள்ளே சின்ன ஹீட்டர் உண்டு. குமிழை 'காட்டன்' என்று திருப்பினால் பல மெஷின்கள் தானாகவே 40 டிகிரிக்கோ 60 டிகிரிக்கோ போய்விடும். வீட்டுக்காரருக்குத் தெரியாமலே தினமும் சுடுதண்ணீரில் துவைத்துக்கொண்டிருப்பார். திறந்து பார்த்தால் காயில் பவளப்பாறை மாதிரி இருக்கும். வெப்ப அளவை ஒருமுறை பார்த்து, தினசரித் துணிக்குப் பச்சைத் தண்ணீர் என்று வைத்துவிட்டால் அந்தக் காயில் மெஷின் உள்ளவரை ஓடும்.

துணி வெளுக்காமல் சாம்பல் பூத்துப் போவதற்கும் துண்டு அப்பளம் மாதிரி விறைப்பதற்கும் காரணம் கால்சியம்தான். சோப்போடு அது சேர்ந்தால் கரையாத திரிதிரியான பிசுக்கு உண்டாகும். பக்கெட் ஓரத்தில் வளையமாக ஒட்டுவது அது. சேர்வதற்குக் கால்சியம் தீரும்வரை நுரை வராது. அதனால் சோப்பை மேலும் மேலும் தேய்க்கிறோம். டிடர்ஜென்ட் பொடி இப்படித் திரியாது, அதற்காகவே சலவைச் சோடா மாதிரி சேர்மானங்கள் அதில் உண்டு. ஆனாலும் கடினநீரில் பொடி கொஞ்சம் கூடத்தான் பிடிக்கும். எங்கள் அம்மா கடைசிவரை தலைக்கு அரப்பு இலைப் பொடிதான் தேய்த்தார். கிணற்று உப்புத் தண்ணீரில் சோப்பு தோற்ற இடத்தில் அரப்பு நுரைக்கும். அரப்பிலும் சீயக்காயிலும் இருக்கும் நுரைக்கும் பொருள் கால்சியத்தோடு சேர்ந்து திரியாது என்று வாத்தியார் விளக்கினார். அம்மாவுக்கு விளக்கம் தேவைப்பட்டதில்லை.

அடுப்படியிலும் பெண்கள் இதையெல்லாம் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். இட்லிப் பானைத் தண்ணீரில் பிழிந்த எலுமிச்சை மூடியோ துளி புளியோ போடுகிறார்களே, அது கல்லைப் பிடிக்கவிடாத வைத்தியம். துவரம்பருப்பை நல்ல தண்ணியில்தான் வேகப்போடுவார்கள். உப்புத் தண்ணீரில் நாலு விசில் விட்டாலும் பருப்பு முழித்துக்கொண்டு நிற்கும். பருப்பின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டினோடு கால்சியம் சேர்ந்து இறுக்கிவிடுகிறது. ஆப்பச் சோடா ஒரு சிட்டிகை போட்டால் வெந்துவிடும்; ஆனால் பருப்பிலிருக்கும் பி1 வைட்டமின் கொஞ்சம் அதோடு போகும். சிறுவாணி எட்டு நாளைக்கு ஒருமுறை வந்த கோடைகளில் என் மனைவி பருப்புக்கு ஒரு குடத்தைத் தனியாக ஒளித்துவைத்திருப்பாள்.

இன்வர்ட்டர் பேட்டரிக்குப் போர் தண்ணீர் ஊற்றியவர்களைப் பற்றி எழுத மனசு வரவில்லை. அதற்குக் காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டும்தான். இந்த உப்புகள் தகடுகளைக் கெடுத்துவிடும்.

அடுத்தது, தண்ணீர் சுத்திகரிப்பான் விற்க வரும் மீட்டர்க்காரர்கள். பேனா மாதிரி ஒரு கருவியைத் தண்ணீரில் முக்கி, "அக்கா, பாருங்க, 1200!" என்று பயம் காட்டுவார்கள். டி.டி.எஸ். மீட்டர் அது. தண்ணீரில் கரண்ட் எவ்வளவு சுலபமாகப் பாய்கிறது என்று பார்த்து, கரைந்த உப்புகள் மொத்தம் இவ்வளவு இருக்கலாம் என்று ஊகித்துச் சொல்லும். அதில் கால்சியம் எவ்வளவு, சமையல் உப்பு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. இரண்டு தம்ளர் சிறுவாணித் தண்ணீரில் ஒன்றில் உப்பைப் போட்டு முக்கிப் பாருங்கள். மீட்டர் ஆயிரத்தைத் தாண்டும், அந்தத் தண்ணீரோ ஹீட்டருக்குக் கல் பிடிக்காத மென்மையான தண்ணீர். நாக்குக்கு உப்பு வேறு, காயிலுக்குக் கடினம் வேறு என்று முன்னே சொன்னது இதற்காகத்தான்.

இன்னும் சிலர் இரண்டு ஜோடிக் கம்பிகள் வைத்த ஒரு பெட்டியைக் கொண்டுவருவார்கள். ஒரு தம்ளரில் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் ஆர்.ஓ. சுத்திகரிப்பானில் வடித்த தண்ணீர். கரண்ட் விட்டதும் குழாய்த் தண்ணீர் சாக்கடையாகப் பழுப்பேறும், ஆர்.ஓ. தண்ணீர் தெளிவாக நிற்கும். "இதைத்தான் குடிச்சிட்டிருக்கீங்க" என்பார்கள். என் தங்கை வீட்டில் நான் இருக்கும்போதே ஒருவர் இதைச் செய்தார். நான் அவரிடம், "தம்பி, அந்தக் கம்பிய எடுத்துக் காட்டுங்க" என்றேன். இரும்புக் கம்பி அரித்துப் போயிருந்தது. தம்ளரில் மிதந்த அழுக்கு அந்தக் கம்பியின் இரும்புதான். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு ரொம்பக் குறைவு என்பதால் கரண்ட் சரியாகப் பாயவில்லை, கம்பி கரையவில்லை, அவ்வளவுதான். அவர் பெட்டியை மூடிக்கொண்டு, "அண்ணனும் இதே லைனா?" என்று கேட்டுவிட்டு ஒரு டீ குடித்துப் போனார்.

ஆர்.ஓ. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போர் தண்ணீரைத்தான் குடித்தாக வேண்டும் என்கிற வீட்டுக்கு அது தேவை. ஆனால் ஒரு குடம் நல்ல நீருக்கு இரண்டு மூன்று குடத்தைச் சாக்கடைக்கு விடும் சாதனம் அது. சிறுவாணிக் குழாயில் அதை மாட்டிவைத்திருக்கும் வீடுகளைப் பார்த்தால் வயிறு எரிகிறது. லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாக உப்புள்ள தண்ணீருக்கு ஆர்.ஓ. பயன்படுத்துவதைத் தடைசெய்யச் சொல்லி 2019-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. எங்கள் தெருவில் அதற்கப்புறமும் மாட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

உண்மையான கடினத்தன்மையை அறிய வழி இருக்கிறது. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் பாட்டிலில் பிடித்துக் கொடுத்துக் கட்டணம் கட்டினால் தாளில் எழுதித் தருவார்கள். மீன் தொட்டிக் கடையில் சொட்டு மருந்துபோல் ஒரு சோதனைப் பெட்டி விற்கிறது. நிறம் மாற எத்தனை சொட்டு என்று எண்ண வேண்டியதுதான். அதுவும் வேண்டாமென்றால், பாட்டிலில் பாதித் தண்ணீர் பிடித்து, குளியல் சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். நுரை மேலே பொங்கி நின்றால் கவலையில்லை. பால் திரிந்த மாதிரி கலங்கி நுரை அடங்கினால் உங்கள் ஹீட்டருக்காக வருத்தப்படலாம்.

கிட்னியில் கல் வருமா, முடி கொட்டுமா என்றும் என்னிடமே கேட்கிறார்கள். குடிநீரின் கடினத்தன்மைக்கு உடல்நலத்தை முன்வைத்து உலகச் சுகாதார நிறுவனம் வரம்பு எதுவும் விதிக்கவில்லை என்று வாத்தியார் காட்டினார். அதற்கு மேல் டாக்டரைக் கேளுங்கள்; எனக்குக் காயிலில் வரும் கல்தான் தெரியும்.

சரி, என்ன செய்யலாம்? வீடு முழுவதற்கும் சாஃப்ட்னர் வைக்கலாம். உயரமான ஒரு குடுவை, உள்ளே ரவை மாதிரி பிசின் மணிகள். அவை கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தை விடும். மணிகள் களைத்துப்போனால் கல் உப்புக் கரைசல் ஊற்றிப் புதுப்பிக்க வேண்டும். வேலை செய்யும், சந்தேகமில்லை. 600 மில்லிகிராம் கடினத்தை முழுக்க நீக்கினால் லிட்டருக்கு 275 மில்லிகிராம் அளவுக்குச் சோடியம் தண்ணீரில் ஏறும். அதனால் குடிக்க, சமைக்க வேண்டாம். ரத்த அழுத்தக்காரர்கள் கண்டிப்பாக வேண்டாம். கழிவு உப்புநீரைத் தோட்டத்தில் விட்ட ஒரு வீட்டில் இருபது வருடக் கறிவேப்பிலை மரம் ஒரே கோடையில் பட்டுப்போனதைப் பார்த்தேன். அந்த வீட்டுப் பாட்டி இன்னும் சாஃப்ட்னரோடு பேசுவதில்லை. குழாயில் கட்டும் காந்தத்தையும் நிறையப் பேர் வாங்கியிருக்கிறார்கள். காந்தம் கட்டிய வீட்டிலும் நான் கல் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

செலவில்லாத வழி தெர்மோஸ்டாட்டில் இருக்கிறது. பல ஹீட்டர்கள் 70 டிகிரிக்கு மேல் வைத்தபடியே வருகின்றன. கொதிக்கக் கொதிக்க எடுத்து, பாதி பச்சைத் தண்ணீர் கலந்துதான் குளிக்கிறோம். 55-இல் வைத்தால் போதும், கல் படிவது நன்றாகக் குறையும். இரண்டாவது, வருடம் ஒருமுறை, கடினம் 500-ஐத் தாண்டிய வீடுகளில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஹீட்டரைத் திறந்து சுத்தம் செய்வது. காயிலை நான் சுத்தியலால் தட்ட மாட்டேன், உறை கீறிவிடும். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கிடைக்கிற சிட்ரிக் ஆசிடை வெதுவெதுப்பான நீரில் கரைத்து ஊறப்போடுவேன். சோடா மாதிரி நுரைத்து, ஒரு மணி நேரத்தில் கல் சேறாகிவிடும். கெட்டிலுக்கும் இதேதான்: லிட்டருக்கு இரண்டு ஸ்பூன், ஒரு கொதி, அரை மணி நேரம், பிறகு நன்றாகக் கழுவல். ஷவர் தலையை வினிகரில் ராத்திரி ஊறப்போட்டால் காலையில் எல்லாக் கண்ணும் திறந்திருக்கும்.

கழிவறைக்கு வாங்கும் ஆசிடை மட்டும் இதற்கெல்லாம் தொடாதீர்கள். ஸ்டீலை அரிக்கும், அலுமினியத்தைத் தின்னும். அந்த ஆசிடோடு பிளீச்சிங் பவுடர் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவு மூடிய பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து.

அந்த அம்மா வீட்டுக்குப் புதுக் காயிலும் ஆனோட் ராடும் போட்டு, 55-இல் வைத்து, ஹீட்டரின் பக்கவாட்டில் தேதி எழுதி ஒட்டிவிட்டு வந்தேன். "அப்ப கம்பெனி மேல தப்பில்லையாக்கும்?" என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு. திட்டுவதற்கு ஆள் இல்லாமல் போனால் யாருக்கும் வருத்தம்தான்.

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுதிக்கொண்டிருந்தபோது என் மனைவி பின்னால் நின்று படித்திருக்கிறாள். "ஊருக்கெல்லாம் சொல்றீங்களே, நம்ம வீட்டு ஹீட்டரத் தொறந்து எத்தன வருசமாச்சுங்க?" என்றாள். மூன்று. எழுந்து போய்க் கழற்றினேன். ஒரு கிலோ நானூறு. செய்தித்தாளில் பரப்பி வைத்திருந்ததில் ஒரு சில்லை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தாள். பொடிந்து உதிர்ந்தது. "கோலமாவுக்கு ஆகுமாட்ட இருக்குது" என்று சொல்லிக்கொண்டே தாளோடு மடித்து உள்ளே எடுத்துப் போனாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். மறுநாள் காலை வாசலில் கோலம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் பழுப்பாக இருந்தது.